பட்டம் பெறும் ஆண்டும் முதல் வேலையும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்துப் பொறியியல் பட்டதாரிகள்

இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் 2021–22 நிதியாண்டில், படிப்பு முடித்த கையோடு வந்த பட்டதாரிகளை அதுவரை காணாத எண்ணிக்கையில் வேலைக்கு எடுத்தன. அந்த ஓராண்டில் டி.சி.எஸ். ஒரு லட்சம் பேருக்கும், இன்ஃபோசிஸ் ஏறத்தாழ 85,000 பேருக்கும் முதல் வேலை தந்தன. இரண்டே ஆண்டுகள் கழிந்து 2023–24 முடிந்தபோது, இன்ஃபோசிஸின் மொத்த ஊழியர் எண்ணிக்கை அந்த நிதியாண்டில் மட்டும் ஏறத்தாழ 26,000 குறைந்திருந்தது. விப்ரோவில் 24,500 அளவுக்கும், டி.சி.எஸ்.ஸில் 13,000-க்கு மேலும் குறைந்திருந்தது. இன்ஃபோசிஸ் அந்த ஆண்டு முழுவதும் எடுத்த புதிய பட்டதாரிகள் 12,000 பேர்கூட இல்லை. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் வட்டி விகிதத்தை உயர்த்தத் தொடங்கி, அடுத்த ஆண்டின் நடுவில் அதை 5 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனதும், அந்நாட்டு வங்கிகளும் வணிக நிறுவனங்களும் மென்பொருள் செலவைச் சுருக்கியதும், பெருந்தொற்றுக் காலத்தில் தேவைக்கு மிஞ்சி ஆள் எடுத்திருந்ததும் சேர்ந்து விளைவித்த சரிவு இது. ஒரே கல்லூரியில், ஒரே ஆசிரியர்களிடம், ஏறக்குறைய ஒரே பாடத்திட்டத்தில் படித்துவிட்டு 2022-இல் வெளிவந்தவருக்கும் 2024-இல் வெளிவந்தவருக்கும் கிடைத்த வாய்ப்புகளில் இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதற்கு மாணவரின் திறமையில் விடை தேடுவது வீண்வேலை.

முதல் வேலை கிடைப்பதில் பட்டம் பெறும் ஆண்டுக்கு இருக்கும் பங்கையும், அந்த ஆண்டு மோசமாக அமைந்துவிட்டால் வரும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும், தென் தமிழ்நாட்டின் கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பொருளாதாரச் சரிவு நாடு முழுவதற்கும் பொதுவானதுதான் என்றாலும், அதைத் தாங்கிக்கொள்ளச் சேமிப்போ, தொடர்போ, பக்கத்தில் மாற்று வேலையோ இல்லாத வட்டாரத்தில் அது வேறு வடிவம் எடுக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியிலும் அதையொட்டிய விருதுநகர் மாவட்டத்திலும் விரிந்து கிடக்கும் கரிசல், வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பிய நிலம். பெரிய ஆறோ அணைப் பாசனமோ வாய்க்காத இம்மண்ணில் புரட்டாசியை ஒட்டி விதைத்து, மழை தவறினால் வெறுங்கையோடு நிற்கும் மானாவாரி விவசாயம்தான் தலைமுறைகளாக நடந்து வருகிறது. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, கம்பு, சோளம், அண்மைக் காலத்தில் மக்காச்சோளம் ஆகியவை இங்கு விளைகின்றன. நிலம் கைவிட்ட ஆண்டுகளில் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை கோவில்பட்டியின் நூற்பாலைகளும், சாத்தூர், சிவகாசி வரை பரவிய தீப்பெட்டித் தொழிலுமே. அந்தத் தீப்பெட்டித் தொழிலும் கையால் செய்யும் நிலையிலிருந்து இயந்திரத்துக்கு மாறி வருவதால் ஆள் தேவை குறைந்துவிட்டது. 2021 டிசம்பர் 1 அன்று ஒரு தீப்பெட்டியின் விலை பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக உயர்த்தப்பட்டது என்ற ஒன்றே அத்தொழிலில் இலாபம் எவ்வளவு மெலிந்தது என்பதைக் காட்டும். பிள்ளையை இந்த மண்ணிலிருந்தும் இந்தப் பட்டறையிலிருந்தும் கரையேற்ற வேண்டும் என்ற வேட்கை இங்கு ஆழமாக வேரூன்றியதில் வியப்பில்லை.

அந்த வேட்கைக்கு 1984 ஒரு வழி திறந்தது. அரசு நிதியுதவி இல்லாமல் மாணவர் கட்டணத்தைக் கொண்டே இயங்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு அந்த ஆண்டில் அனுமதி அளித்தது. அதே ஆண்டில் கோவில்பட்டியில் கே. ராமசாமி நிறுவிய நேஷனல் பொறியியல் கல்லூரியும், சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் தோன்றின. வட்டாரத்துத் தொழில் முதலீடு கல்விக்குள் நுழைந்தது புதிய செய்தியும் அன்று. வணிகத்தில் புரளும் சரக்குக்கு ஏற்பத் தாமாகவே ஒரு தொகையை ஒதுக்கிப் பொதுக் காரியத்துக்குச் செலவிடும் மகமை என்ற வழக்கத்தின் வழியாக நாடார் உறவின்முறைகள் பள்ளிகளை எழுப்பிய வரலாற்றை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். பொதுக் கலந்தாய்வு, 2007 முதல் நுழைவுத் தேர்வின்றிப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை, 2010–11 முதல் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை என அடுத்தடுத்து வந்த ஏற்பாடுகள், தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பிள்ளைகளைப் பொறியியல் வகுப்பறைக்குள் அழைத்து வந்தன. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டியது. இந்த விரிவாக்கத்தைத் தரக்குறைவு என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவோர், அது இல்லாதிருந்தால் யாருடைய பிள்ளைகள் பொறியாளர் ஆகியிருக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனினும் வாயில் அகன்ற அளவுக்குச் செலவு குறையவில்லை. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், தேசிய தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாயும் விதித்தது. விடுதி, உணவு, பேருந்து, தேர்வுக் கட்டணம் ஆகியவை தனி. முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்தின் ஒரு பகுதியைத்தான் ஈடுசெய்கிறது. அதுவும் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே. எஞ்சியதை நகை அடகு, கைமாற்று, வங்கிக் கல்விக் கடன் ஆகியவை நிரப்புகின்றன. மறுபக்கத்தில், பெரிய மென்பொருள் நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று முதல் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள்ளேயே சுற்றி வருகிறது. இதே காலத்தில், 2012-ஐ 100 எனக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீடு 2024-இல் 190-ஐ ஒட்டி நின்றது. ஆகவே வேலை கிடைத்தவரின் சம்பளமும் வாங்கும் சக்தியில் ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்துவிட்டது.

முதல் வேலை எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை இங்கு விளக்குவது அவசியம், ஏனெனில் பிரச்சினையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. வளாகத் தேர்வு என்பது, நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்தோ இணைய வழியிலோ, இறுதியாண்டு மாணவர்களைப் படிப்பு முடியும் முன்பே தேர்ந்தெடுக்கும் முறை. இதில் முதலில் நடப்பது சல்லடை போடுதல்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 விழுக்காடு என்பது போன்ற வரம்பு, நிலுவையில் அரியர் எதுவும் இருக்கக் கூடாது என்ற விதி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குறிப்பிட்ட ஆண்டில் பட்டம் பெறும் பேட்ச் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்ற கட்டுப்பாடு. பல்லாயிரம் விண்ணப்பங்களைக் கழித்துக்கட்ட நிறுவனத்துக்கு இது எளிய வழி. அந்த ஆண்டில் ஆள் எடுப்பு சுருங்கிவிட்டால், மறு ஆண்டு சந்தை மீண்டாலும் அது அடுத்த பேட்சுக்கே பயன்படும். தவறிய பேட்சைச் சேர்ந்தவர், வளாகத்துக்கு வெளியே நடக்கும் பொதுத் தேர்வுகளிலும் நேர்முகங்களிலும், அனுபவம் உள்ளவரோடும் புதிதாக வெளிவந்தவரோடும் ஒருசேரப் போட்டியிட வேண்டும். பணி ஆணை கைக்கு வந்த பிறகும் சேரும் நாளை நிறுவனம் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது 2009-இலும் நடந்தது, 2022-க்குப் பின்னும் நடந்தது. இவ்விடைக்காலத்தில் அந்தப் பட்டதாரி ஊழியருமல்லர், வேலை தேடுபவருமல்லர்.

வேலை கிடைக்காமல் போவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம், பொறியியல் பட்டதாரிகளில் பெரும்பாலோர் வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்பது. திறன் தேர்வு நடத்தும் தனியார் நிறுவனங்களின் அறிக்கைகள் இக்கருத்தைப் பரப்பின. நாளிதழ்களும் மேடைகளும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உண்மையாக்கின. கல்லூரிகளில் ஆய்வகம் பெயரளவில் இருப்பதும், ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்தில் அடிக்கடி மாறுவதும், தமிழ்வழி மாணவர் ஆங்கில நேர்முகத்தில் திணறுவதும் மறுக்க முடியாதவை; அவை திருத்தப்பட வேண்டும். ஆனால் இக்குறைகள் 2022-இலும் இருந்தன. அவற்றோடுதான் லட்சக்கணக்கானோர் எடுக்கப்பட்டு, சில மாதப் பயிற்சிக்குப் பின் வெளிநாட்டு வாடிக்கையாளரின் பணிகளில் அமர்த்தப்பட்டனர். தேவை இருக்கும்போது பயிற்சி தந்து ஏற்றுக்கொள்ளும் சந்தை, தேவை இல்லாதபோது தகுதி இல்லை என்று சொல்கிறது. வரிசையில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைத் திறன் தீர்மானிக்கிறது என்பது சரி. வரிசையில் எத்தனை பேருக்கு இடம் உண்டு என்பதைத் திறன் தீர்மானிப்பதில்லை.

இந்தியப் பொறியாளர்கள் இத்தகைய முட்டுச்சுவரை முதலில் சந்தித்தது 1960-களின் பிற்பகுதியில். 1965, 1966 ஆகிய ஆண்டுகளின் வறட்சியும், 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைப்பும், அதைத் தொடர்ந்து 1969 வரை ஐந்தாண்டுத் திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டதும் சேர்ந்து பொதுத்துறை முதலீட்டை முடக்கியபோது, நாட்டைக் கட்டியெழுப்பத் தேவை என்று உருவாக்கப்பட்ட பொறியாளர்களே வேலையின்றி நின்றனர். மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயர்டு, மோரீன் வுட்ஹால் ஆகிய மூவரும் 1969-இல் வெளியிட்ட இந்தியப் பட்டதாரி வேலையின்மை பற்றிய நூல், அவ்வேலையின்மை நிலையானதன்று என்றும், முதல் வேலை தேடும் இளைஞர்களிடம் குவிந்த காத்திருப்புக் காலம் அது என்றும் வாதிட்டது. எதிர்பார்த்த சம்பளத்துக்கும் கிடைக்கும் சம்பளத்துக்கும் இடையிலான தூரம் மெல்லக் குறையும்வரை பட்டதாரி காத்திருக்கிறார், குடும்பம் அவரைத் தாங்குகிறது என்பது அவர்களின் விளக்கம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தில்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022-இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 விழுக்காடாகவும் பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 விழுக்காடாகவும் இருந்ததாகச் சொல்வதும் இவ்விளக்கத்தோடு பொருந்துகிறது: வேலையின்றி இருப்பதற்கே ஒரு வசதி வேண்டும்; அது இல்லாதவர் கிடைத்ததைச் செய்கிறார்.

கரிசல் வட்டாரத்தின் தனித்தன்மை இங்கேதான் வெளிப்படுகிறது. மதுரையிலோ சென்னையிலோ மாதச் சம்பளக்காரரின் பிள்ளை ஓராண்டு வீட்டிலிருந்து நிரல்மொழி ஒன்றைக் கற்று, நேர்முகங்களுக்குச் சென்று வரலாம். பருத்திக்கும் பயறுக்கும் விலை இல்லாத ஆண்டில், தாய் தீப்பெட்டி ஆலைக்குப் போய்வரும் வீட்டில், பட்டம் பெற்ற மகனோ மகளோ அவ்வாறு இருக்க முடிவதில்லை. துணிக்கடை பில் போடும் இடத்திலோ, உணவு விநியோகத்திலோ, ஆலை மேற்பார்வையிலோ, தனியார் பள்ளியிலோ சேர்ந்துவிடுகிறார்கள். அது உழைப்புக்கு இழுக்கில்லை. ஆனால் ஓராண்டு கழித்துப் பொறியியல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த அனுபவம் தொடர்பற்றது என்றும், படிப்புக்கும் துறைசார் வேலைக்கும் இடையே இடைவெளி விழுந்துவிட்டது என்றும் விண்ணப்பம் கழிக்கப்படுகிறது. காத்திருந்தால் கடன் ஏறும், காத்திராவிட்டால் துறை நழுவும் என்ற இந்த இருபுறப் பிடியைத்தான் பிளாக் குழுவினரின் விளக்கம் கணக்கில் கொள்ளவில்லை.

சரிவுக் காலத்தில் பட்டம் பெறுவதன் பின்விளைவு எவ்வளவு நீளும் என்பதை வெளிநாட்டு ஆய்வுகள் அளந்திருக்கின்றன. கனடாவின் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து ஃபிலிப் ஓரியோபூலஸ், டில் வான் வாக்டர், ஆண்ட்ரூ ஹைஸ் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, சராசரிச் சரிவு ஒன்றின்போது வெளிவருபவரின் தொடக்க வருமானம் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவதாகவும், அக்குறை முழுதும் மறையப் பத்தாண்டு ஆவதாகவும் கண்டது. அமெரிக்கப் பட்டதாரிகளைப் பற்றி லிசா கான் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வடு இன்னும் நீண்டு நிற்கிறது. கனடா ஆய்வின் நுட்பமான முடிவு வேறொன்று: நல்ல கல்லூரியில் நல்ல துறையில் படித்தவர்கள் சிறிய நிறுவனத்தில் தொடங்கினாலும் சில ஆண்டுகளில் பெரிய நிறுவனத்துக்குத் தாவி இழப்பை ஈடுகட்டிவிடுகிறார்கள், கீழ்த்தட்டில் தொடங்கியவர்களுக்கு அந்தத் தாவல் வாய்ப்பதில்லை. வேலை மாறும் வாய்ப்பே மருந்து என்றால், வேலைகள் அடர்ந்த நகரத்தில் இருப்பவருக்கு எளிதில் கிடைக்கும் அம்மருந்து கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது.

அந்தத் தூரத்தின் செலவு பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. ஒரு நேர்முகத்துக்கு நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ இரவுப் பயணம், சென்னையில் தெரிந்தவர் அறையில் ஒதுங்கல், உணவு, திரும்பும் பயணம் என்று ஆகும் தொகை, பல குடும்பங்களில் ஒரு வாரக் கூலிக்குச் சமம். பத்து நேர்முகங்களுக்கு அப்படிப் போவது இயலாத காரியம். பெண்களுக்கு இத்தடை இரட்டிப்பு. மகளைப் பொறியியல் படிக்க வைக்கத் துணிந்த குடும்பம், வேலை உறுதியாகாத நிலையில் அவளைப் பெருநகரில் தங்கித் தேட அனுப்பத் தயங்குகிறது. ஓராண்டுக் காத்திருப்புக்குள் திருமணப் பேச்சு வந்துவிடுகிறது. பணிபுரியும் மகளிருக்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் வேலையில் இருப்பவருக்கு அமைந்தவை. வேலை தேடி வருபவருக்கும் சில மாதம் அவற்றில் இடம் தருவது பெரிய செலவு பிடிக்கும் மாற்றமன்று.

தூரத்தைவிட ஆழமான தடை தொடர்பின்மை. மார்க் கிரானோவெட்டர் 1974-இல் வெளியிட்ட, அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதியில் நடத்திய ஆய்வில், ஊழியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தனர். அவர்களுள்ளும் நெருங்கிய உறவினரைவிட எப்போதாவது சந்திக்கும் அறிமுகக்காரர்களே மிகுதியும் பயன்பட்டனர், ஏனெனில் நமக்குத் தெரியாத செய்தி அவர்களிடம்தான் இருக்கும். இந்திய மென்பொருள் நிறுவனங்களும் தம் ஊழியரின் பரிந்துரைக்கு முன்னுரிமையும் ஊக்கத்தொகையும் தருகின்றன. முன்னாள் மாணவர் பலரைப் பெருநிறுவனங்களில் கொண்ட பழைய கல்லூரிக்கும், வணிக வலைப்பின்னல் கொண்ட சமூகத்துக்கும் இது கைகொடுக்கிறது. விவசாயக் கூலிக் குடும்பத்திலிருந்து வந்த முதல் பட்டதாரிக்குப் பரிந்துரைக்க ஆளில்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தலித் பெயர்களிலும் மேல்சாதிப் பெயர்களிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது, தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தே வந்தது. அரசுக் கல்வி உதவித்தொகை கல்லூரி வாயில் வரை கொண்டுபோய் விடுகிறது; அதற்கு அடுத்த வாயிலில் நிற்பது இந்தப் பாகுபாடு. தொடர்பில்லாதவரின் இந்த ஏக்கத்தைப் பிடித்துத்தான், முன்பணம் வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்கள் ஊர் ஊராகப் பிழைக்கிறார்கள்.

கடனின் கணக்கு இன்னும் கடுமை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி வழங்கப்படும் கல்விக் கடனில், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். நான்கரை லட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானம் உள்ள குடும்பங்களுக்கு இச்சலுகைக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009–10 முதல் நடைமுறையில் உண்டு. இவ்வேற்பாடு முழுவதும், ஓராண்டுக்குள் வேலை கிடைத்துவிடும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. சரிவு இரண்டாண்டு நீடித்தால், வருமானம் தொடங்கும் முன்பே தவணை தொடங்கிவிடுகிறது. தவணை தவறினால் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் பெயர் ஏறி, பின்னாளில் வாங்க வேண்டிய கடனையும் தடுக்கிறது.

மானாவாரி உழவர் ஒரே பயிரை நம்புவதில்லை. பருத்திக்கு ஊடே உளுந்தோ பாசிப்பயறோ விதைத்து, ஒன்று போனால் ஒன்று என்று ஆபத்தைப் பங்கிட்டுக்கொள்வது கரிசலின் பழைய அறிவு. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இவ்வாறு ஆபத்தைக் குறைக்கும் வழிகளைத்தான் நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறது. 2016 முதல் பயிர்க் காப்பீட்டுக்கும் புதிய தேசியத் திட்டம் உண்டு. அதே உழவரின் பிள்ளைக்கு நான்காண்டு முதலீட்டையும் ஒரே ஆண்டின் ஆள் எடுப்பில் வைக்கும்படி கல்வி ஏற்பாடு சொல்கிறது. அதற்குக் காப்பு எதுவும் இல்லை. படித்த வேலையற்றோருக்குத் தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வழியாகத் தரும் உதவித்தொகைகூட, பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்தவருக்கே உரியது. அதிலும் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகள் விலக்கப்பட்டிருக்கிறார்கள். தொழிற்படிப்பு படித்தவருக்கு வேலை இல்லாமல் போகாது என்ற பழைய நம்பிக்கை விதியாக எஞ்சி நிற்கிறது. அந்நம்பிக்கை பொய்த்ததற்கு வேறு சான்று தேவையில்லை: பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே தகுதியான தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு 2022-இல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தபோது, அவர்களிடையே பொறியியல் பட்டதாரிகளும் திரளாக இருந்தனர்.

வட்டாரத்துக்குள்ளேயே பொறியியல் வேலை இல்லையா என்ற கேள்வி இயல்பாக எழும். இயந்திரங்களின் மேல் மோகம் கரிசலுக்குப் புதிதன்று. பாரதியின் தந்தை சின்னச்சாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை நிறுவி, பெரும் முதலீட்டோடு போட்டியிட முடியாமல் நொடித்துப்போனது அந்த வரலாற்றின் துயரமான முதல் பக்கங்களில் ஒன்று. இன்றைய நிலை அவ்வளவு வறண்டதில்லை. தமிழ்நாட்டின் தொடக்கக் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் அடர்ந்திருப்பதோடு, தேசியக் காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் அங்கு இருக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் 4.3 கிகாவாட் சூரியத் தகடு ஆலை 2025 பிப்ரவரியில் முறையாகத் திறக்கப்பட்டது. அதன் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம், ஆண்டுக்கு 50,000 மின்கார்கள் என்ற தொடக்கத் திறனோடு, 2025 ஆகஸ்ட் 4 அன்று ஆலையைத் திறந்தது.

இவற்றின் மதிப்பு பெரிது, ஆனால் இவை தரும் வேலையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். தானியங்கி ஆலை ஒன்றில் இயந்திரத்தை இயக்குபவர் பலர், பராமரிப்பவர் சிலர், வடிவமைப்பவர் அங்கு அநேகமாக இருப்பதில்லை. இயக்குபவர் இடங்களுக்கு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்தவர் போதும். நான்காண்டு படித்த பொறியாளர் அவ்விடத்தில் சேர்ந்தால் அவர் படிப்பு வீணாவதோடு பாலிடெக்னிக் படித்தவரின் இடமும் பறிபோகிறது. இதனால்தான் இயந்திரவியல், மின்னியல், கட்டடவியல் பட்டதாரிகள் தம் துறை சார்ந்த, பேச்சு வழக்கில் கோர் என்று சொல்லப்படும், வேலையைக் கனவு கண்டுவிட்டுக் கடைசியில் மென்பொருள் வேலையைத் தேடுகிறார்கள். அதைக் கண்ட அடுத்த தலைமுறை நேரடியாகக் கணினிப் பிரிவையே கேட்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024–25 முதல் தரமான கல்லூரிகளுக்கு இடங்களின் உச்ச வரம்பை நீக்கியதும் கணினிப் பிரிவுகள் மேலும் பெருத்தன. மென்பொருள் நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்து வரும் வேளையில், டி.சி.எஸ். 2025 ஜூலையில் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்த சூழலில், இவ்வாறு ஒரே பிரிவில் குவிவது அடுத்த நான்காண்டுக்கான கவலையை இப்போதே விதைப்பதாகும்.

1960-களின் நெருக்கடியை அடுத்து உருவான ஒரு ஏற்பாடு இவ்விடத்தில் கவனத்துக்குரியது. ஐ.டி.ஐ. நிலைத் தொழில்களுக்கு என்று 1961-இல் இயற்றப்பட்ட தொழிற்பழகுநர் சட்டம் 1973-இல் திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் உள்ளடக்கியது. தொழிற்பழகுநர் என்பவர், ஊழியராக இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஆலையிலேயே வேலை கற்றுக்கொண்டு உதவித்தொகை பெறுபவர். 2019-இல் வகுக்கப்பட்ட விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று நிர்ணயித்தன; உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்யும். முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது சட்டக் கடமை. தென்னிந்தியாவுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. சரிவு ஆண்டில் வெளிவந்த ஒருவருக்கு இந்த ஓராண்டு, துறை நழுவாமல் காக்கும் பிடிமானம். விண்ணப்பத்தில் இடைவெளியாக விழ வேண்டிய காலம் அனுபவமாகிறது. தூத்துக்குடித் துறைமுகமும் அனல்மின் நிலையமும் நூற்பாலைகளும் சிமென்ட் ஆலைகளும் கொண்ட இவ்வட்டாரத்தில், இதைப் பட்டதாரிகள் வளாகத் தேர்வு முடிந்தபின் வரும் ஆறுதல் பரிசாகக் கருதாமல், இறுதியாண்டிலேயே பதிவு செய்துகொள்ளும்படி கல்லூரிகள் வழிகாட்ட வேண்டும். கரிசலின் முதன்மைத் தொழிலே இப்படித்தான் பிறந்தது: சிவகாசியின் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று சில மாதங்கள் பட்டறையில் தங்கித் தீப்பெட்டி நுட்பத்தைக் கற்று வந்தே 1923-இல் உற்பத்தியைத் தொடங்கினர்.

ஆயினும் தனிமனித முயற்சிக்கு எல்லை உண்டு. ஆண்டைத் தேர்ந்து பட்டம் பெற எவராலும் இயலாது. விதிகளில் செய்யத்தக்க மாற்றங்கள் சில கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழியாகவும் மாவட்ட வேலைவாய்ப்பு முகாம்கள் வழியாகவும் ஆள் எடுக்க வரும் நிறுவனங்களிடம், நடப்புப் பேட்சோடு முந்தைய மூன்றாண்டுப் பட்டதாரிகளும் தேர்வெழுதலாம் என்பதை நிபந்தனையாக வைக்கலாம். கல்விக் கடனின் தவணை, நாள்காட்டியைப் பார்க்காமல், மாத வருமானம் ஒரு குறைந்த அளவைத் தாண்டிய பின் தொடங்குமாறு அமைக்கலாம்; ஆஸ்திரேலியா 1989 முதல் இம்முறையைக் கையாள்கிறது. சிப்காட் நிலமும் மின்சாரச் சலுகையும் மூலதன மானியமும் பெற்றுத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களுக்கு வரும் ஆலைகளின் ஒப்பந்தங்களில், மொத்த வேலை எத்தனை என்பதோடு நிறுத்தாமல், பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு, வடிவமைப்பு ஆகிய பொறியாளர் இடங்கள் எத்தனை, ஆண்டுதோறும் எடுக்கப்படும் பட்டதாரிப் பழகுநர் எத்தனை பேர், அவர்களுள் பயிற்சிக்குப் பின் நிரந்தரமாக்கப்படுபவர் எத்தனை பேர் என்பதையும் தனித்தனியே எழுதி, ஆண்டு முடிவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அதை வெளியிட வேண்டும்.